பருப்பு வேகும் தண்ணி

மீன் தொட்டியைக் காணோம்.

மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்குள் கால் வைத்த டீமேக்கர் இராசமாணிக்கம் கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். மேசை இருந்தது. மேசைமேல் ஈரத் தடம் இருந்தது. தொட்டி இல்லை. காலையில் அவர் தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் போகும்போது சன்னலுக்கு நேரே, வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்கிற மாதிரி இருந்த மூன்றடிக் கண்ணாடித் தொட்டி. அதற்குள்தான் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் இரண்டு மீன். அந்த இரண்டு மீனை நம்பித்தான் இராசமாணிக்கத்தின் சைக்கிள்.

"அழகாயீ!"

"கத்தாதீங்க. மீனு பயப்படும்." பெண்சாதியின் பதில் குசினியிலிருந்து வந்தது.

ஓடினார். அடுப்பை ஒட்டிய சுவரோரம், அரிசிப் பெட்டிமேல் தொட்டி உட்கார்ந்திருந்தது. உள்ளே இருந்ததைத் தண்ணீர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பால் விடாத தேத்தண்ணி நிறம். பதினாலு வருஷமாகச் சாயத்தை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பித் தரம் சொல்கிற மனிதர் அவர். அவருக்குத் தெரியாதா? நல்ல சாயம். ஐந்து நிமிஷம் ஊறின சாயம்.

"அடிப்பாவி! தேத்தண்ணிய ஊத்திட்டியா!"

"இல்லைங்க."

"சீனி போட்டியா?"

"ஏன், குடிக்கப் போறீங்களா?"

அவர் தொட்டிக்குமேல் குனிந்தார். தொட்டியின் நடுவில் கறுப்பாக, மொத்தமாக, ஒரு ஆள் மாதிரி ஏதோ நின்றது.

"அது என்னடி உள்ளுக்கு நிக்குது?"

"அம்மிக் குழவி."

இராசமாணிக்கம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஐப்பசி மாதம் துரை நாலு மாத லீவில் சீமைக்குக் கிளம்பினார். அந்த வருஷம் ஏதோ ஒரு ஜெர்மன்காரன் கப்பலில் தகர டின்னுக்குள் கொண்டுவந்து கொடுத்த இரண்டு மீன் அவரிடம் இருந்தது. சாப்பாட்டுத் தட்டை நிமிர்த்தி வைத்து அதற்குக் கண் வாய் வைத்த மாதிரி இருக்கும். துரை அதை டிஸ்கஸ் என்றார். தோட்டத்தில் எல்லாரும் தட்டு மீன் என்றார்கள். அமேசான் என்று ஒரு ஆறாம், அங்கே பிறந்ததாம். துரையின் பங்களா உச்சியில், குளிர் அடிக்கும். இரத்தோட்டைப் பக்கம் சாய்ந்த கீழ் டிவிசனில் கொஞ்சம் வெதுவெதுப்பு. அதனால் மீன் டீமேக்கர் வீட்டுக்கு வந்தது. மற்றபடி டீமேக்கருக்கு மீனைப் பற்றித் தெரிந்தது குழம்பு மட்டும்தான்.

துரை தன் தமிழில் விளக்கமாகத்தான் சொன்னார்.

"டீமேக்கர், மழைத் தண்ணி மட்டும் போடுறது. நல்லா சூடு வைக்கிறது. இந்த இலை ஊறப் போடுறது. டெய்லி கொஞ்சம் தண்ணி எடுத்து, கொஞ்சம் புதுசு போடுறது. விளங்குனதா?"

"விளங்குனது துரை."

"இது குட்டி போட்டா, நீ என்ன கேக்குறது, நான் அது குடுக்குறது."

இந்தக் கடைசிப் பேச்சு மட்டும்தான் அவர் காதில் ஏறியது. ஏனென்றால் பெரிய கிளாக்கர் ஒஸ்வல்டிடம் சைக்கிள் இருக்கிறது. சைக்கிளில் மணி இருக்கிறது. அந்த மனிதர் வளைவில் மணி அடிக்கமாட்டார். இராசமாணிக்கம் நடந்து போகிற இடம் பார்த்து அடிப்பார். அடித்துவிட்டு, "நடக்குறது ஒடம்புக்கு நல்லது டீமேக்கர்" என்று சொல்லிவிட்டுப் போவார். பச்சை நிறத்தில் ஒரு சைக்கிள். ஒஸ்வல்டின் மணியைவிடப் பெரிய மணி. அது வந்துவிட்டால் இராசமாணிக்கத்துக்கு இந்த உலகத்தில் வேறொன்றும் வேண்டாம்.

அழகாயிக்கு வேண்டியது வேறு. தண்ணீர் பிடிக்கிற பீலி, வீட்டுக்கு மேலே அறுபத்து நாலு படி ஏறிப் போகிற இடத்தில் இருந்தது. பதினாலு வருஷமாக வெறுங்குடத்தோடு ஏறுகிறாள், நிறைகுடத்தோடு இறங்குகிறாள். மழைக்காலத்தில் உட்கார்ந்தபடியே இறங்கின நாளும் உண்டு.

"துரைகிட்ட பைப்பு கேளுங்க" என்றாள் அன்றைக்கே. "ஸ்டோருக்கு பைப்பு இருக்கு. துரை பங்களாவுல நாய் குளிக்க பைப்பு இருக்கு. எனக்குத்தான் இல்ல."

"சைக்கிள்தான் கேக்கப் போறேன்."

"சைக்கிள் தண்ணி தூக்குமா?"

"கௌரவத்தத் தூக்கும்டி!"

மீன் வந்த முதல் நாளே இராசமாணிக்கம் துரையின் யோசனைகளைத் திருத்திவிட்டார். துரைக்கு என்ன தெரியும்? பீலித் தண்ணியைக் குடித்திருக்கிறாரா? மாத்தளைச் சில்லா முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு தெளிந்த தண்ணீர் கிடைக்குமா? தகரக் கூரையில் காக்கா எச்சத்தோடு வழிகிற மழைத் தண்ணியைப் போய் இத்தனை விலை உயர்ந்த மீனுக்கு ஊற்றுவதா? துரை கொடுத்த சாக்கை அவிழ்த்துப் பார்த்தார். காய்ந்த கொட்டம்பா, அதாவது நாட்டு வாதுமை இலை. "குப்பை. அடுப்புல போடு" என்றார். தொட்டிக்குள் துரை நட்டு வைத்திருந்த கருங்கல்லை அசிங்கமாக இருக்கிறது என்று தோட்டத்து ஓரம் எறிந்தார். சன்னலைத் திறந்து வைத்தார். நல்ல காற்று வரட்டும். தினமும் பீலியிலிருந்து எட்டுக் குடம் தண்ணீர் மாற்றினார். மாற்றியது அவர். தூக்கியது அழகாயி.

மீன் கறுத்தது. முதலில் கரும்பச்சை, பிறகு அடுப்புக் கரி. செட்டையை மடித்துக்கொண்டு மூலையில் சாய்ந்து நின்றது. புழு போட்டால் தின்னவில்லை. கண்ணாடியில் தண்ணீர் மட்டத்தில் வெள்ளையாகக் கோடு படிந்தது. இராசமாணிக்கம் யோசித்தார். துரை வீட்டு மீன், தமிழ் விளங்காமல் ஏங்குகிறதோ? அன்றிலிருந்து காலையில் தொட்டிமுன் நின்று "குட் மார்னிங்" சொன்னார். மீன் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

இந்த லட்சணத்தில்தான் இன்றைக்கு இந்த அநியாயம் நடந்திருக்கிறது. பக்கத்து வீட்டுச் சவரியம்மாவையும் இன்னும் மூன்று பெண்களையும் கூப்பிட்டு, தொட்டியைக் காலி செய்து, தூக்கிக்கொண்டு வந்து குசினியில் வைத்திருக்கிறாள்.

"எந்த தைரியத்துலடி செஞ்ச?"

அழகாயி அகப்பையைக் கீழே வைத்தாள். "ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லுங்க. பீலித் தண்ணியில பருப்பு வேகுதா?"

"மீனுக்கும் பருப்புக்கும் என்ன?"

"வேகுதா, இல்லையா?"

"வேகாது."

"கேத்தலு அடியில என்ன இருக்கு?"

"வெள்ளையா பொருக்கு."

"அந்தத் தண்ணி எங்கருந்து வருது? மாத்தளையில சுண்ணாம்புச் சூளை வச்சிருக்கவனெல்லாம் வெட்டுறானே, அதே கல்லுக்குள்ள இருந்துதான் வருது. கண்ணுக்குத் தெளிவு. உள்ளுக்கு அம்புட்டும் சுண்ணாம்பு. நாலு மணி நேரம் எரிச்சாலும் பருப்பு கல்லு மாதிரி கிடக்கு. அதே பருப்ப பீப்பா மழைத் தண்ணியில போட்டா அரை மணியில கரையுது. பருப்புக்கே ஆகாத தண்ணிய மீனுக்கு ஊத்துனா அது எப்பிடிங்க பொழைக்கும்?"

இராசமாணிக்கம் யோசித்தார். பயம் இரண்டு மடங்கானது.

"பருப்பு வேகுற தண்ணி. பக்கத்துல அடுப்பு. அடியே, நீ வளக்கல, கொழம்பு வைக்குற!"

"கைய விட்டுப் பாருங்க."

விட்டார். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதம். அதற்குமேல் சூடில்லை.

"துரை குடுத்த இலைய எரிக்கச் சொன்னேனே?"

"நீங்க எரிக்கச் சொன்னத எல்லாம் எரிச்சிருந்தா இந்த வீடே இருந்திருக்காது. அதுதான் ஊறி சாயம் எறங்கியிருக்கு. துரை நட்டு வச்ச கல்லத் தேடுனேன், கிடைக்கல. அதான் குழவி."

"செத்தா யாருடி துரைக்கு பதில் சொல்றது?"

"அங்க பாருங்க."

பழுப்புத் தண்ணிக்குள் இரண்டு மீனும் செட்டையை விரித்து நின்றன. கறுப்பு கழன்று போயிருந்தது. செங்கல் நிறத்தில் உடம்பு, அதன்மேல் நீலமாக நெளிநெளியாகக் கோடு. இரண்டும் குழவியைச் சுற்றிச் சுற்றி வந்தன. அந்த மீனுக்கு நீலம் இருப்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும்.

"சரி. செத்தா நீதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன். பொழைச்சு குஞ்சு பொரிச்சா?"

"அத நான் சொல்லிக்கிறேன்."

அழகாயி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். "ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. துரை கேட்டா, 'இத நான் செய்யல துரை, என் பொஞ்சாதி செஞ்சா'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும். மிச்சத்த நான் கேட்டுக்கிறேன்."

"சொல்றேன், சொல்றேன்." அவர் மனசுக்குள் பச்சை சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தது.

கார்த்திகையில் மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. பீப்பா வழிந்தது. அழகாயி தினமும் அதிலிருந்து தண்ணீர் எடுத்து, அடுப்போரம் வைத்து வெதுவெதுப்பாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினாள். பீப்பாவில் நெளிந்த கொசுப்புழுவை மீன் போட்டி போட்டுத் தின்றது. ஒன்பதாம் நாள் இராசமாணிக்கம் பலகையில் உட்கார்ந்து, "ரொட்டிக்கு சம்பல் எங்கடி?" என்றார்.

"சம்பல் இல்லைங்க."

"ஏன்?"

"குழவியில முட்டை இருக்கு."

ஓடிப் பார்த்தார். குழவியின் பக்கவாட்டில், கடுகைவிடச் சின்னதாக, வரிசை வரிசையாக முட்டை. இரண்டு மீனும் காவல் நின்று செட்டையால் விசிறிக்கொண்டிருந்தன.

சந்தோஷம்தான். ஆனால் சம்பல்? தேங்காயும் செத்தல் மிளகாயும் ஒரு தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு அவரே பக்கத்து வீட்டுக்குப் போகவேண்டியதாயிற்று.

"ஏன் டீமேக்கரய்யா, ஒங்க வீட்டு அம்மிக்கு என்ன?" என்று கேட்டாள் சவரியம்மா.

"குழவிக்குப் பிரசவம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் அத்தனை ஆளுக்கும் இது தெரிந்திருந்தது. ஒஸ்வல்ட் சைக்கிளை நிறுத்தி இறங்கியே விசாரித்தார். "ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா டீமேக்கர்?"

முட்டை பொரித்து ஒரு வாரத்தில் இன்னொரு இடி. குசினியில் தண்ணீர் குடிக்கப் போனவர் கையிலிருந்த செம்பைக் கீழே போட்டார்.

"அழகாயீ! ஓடி வா! திங்குதுடி!"

"யாரு யாரத் திங்குறாங்க?"

"குஞ்செல்லாம் சேந்து தாயைத் திங்குது! பாரு, உடம்பு முழுக்கத் தொத்திக்கிட்டு கொத்திக் கொத்தித் திங்குது! தகப்பனையும் விடல! இரு, நான் வலை எடுத்து பிரிக்கிறேன்!"

அழகாயி வலையைப் பிடுங்கித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். குனிந்து நிதானமாகப் பார்த்தாள். கண்ணிமை முடி மாதிரி சின்னச் சின்னக் குஞ்சுகள் தாயின் விலாவில் ஒட்டிக்கொண்டிருந்தன. தாயின் தோல்மேல் வழுவழுப்பாக ஏதோ ஊறியிருந்தது. அதைத்தான் கொத்தின. தாய் ஓடவில்லை. ஆடாமல் நின்றது. சற்றுப் பொறுத்து உடம்பை ஒரு உதறு உதற, குஞ்செல்லாம் தகப்பன் மேல் போய் ஒட்டின.

"பால் குடுக்குது" என்றாள்.

"மீனுக்கு ஏதுடி பாலு?"

"இதுக்கு இருக்கு. ஒங்க மக மூணு வயசு வரைக்கும் என்னைய விட்டாளா? நான் செத்தா போனேன்?" ஒரு நிமிஷம் தகப்பன் மீனையே பார்த்தாள். "இந்த மீனுக்கு ஒண்ணு குடுத்து வச்சிருக்குங்க."

"என்னது?"

"புருசன்காரனும் பாதி வேலை பாக்குறான்."

இராசமாணிக்கம் செம்பை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மாசி மாதம் துரை வந்தார். மழை நின்று மூன்று வாரம் ஆகியிருந்தது. பீப்பாவில் பல்லி ஓடியது. மீனுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று இராசமாணிக்கம் கேட்கவில்லை. தொட்டி நிறைந்திருந்தது. அது போதும். அவர் கோட்டு மாட்டி, தலைப்பாகை கட்டி, "நீ கதவுக்குப் பின்னால நில்லு. வாயத் தெறக்காத" என்று பெண்சாதிக்கு உத்தரவு போட்டார்.

துரை குசினிக்குள் குனிந்து நுழைந்தார். தொட்டியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பெரிய மீன் இரண்டு. அவற்றைச் சுற்றி சல்லிக் காசு அளவில் அறுபது எழுபது குட்டித் தட்டு. துரையின் வாய் திறந்து மூடியது, தொட்டிக்குள் இருந்த மீன் மாதிரியே.

"யாரு இது செஞ்சது?"

கதவுக்குப் பின்னாலிருந்து இரண்டு கண் அவரையே பார்த்தது. ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

"நான்தான் துரை" என்றார் இராசமாணிக்கம். "எல்லாம் என் கையாலதான்."

"பொம்பளை ஒதவி செஞ்சதா?"

"அவளுக்கு என்ன துரை தெரியும்? பருப்பு வேக வைக்கத் தெரியும்."

துரை அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு துரை டீமேக்கரின் கையைக் குலுக்குகிறார்! ஒஸ்வல்ட் பார்க்கவில்லையே என்றிருந்தது. அப்புறம் துரை நெற்றியைச் சுருக்கினார்.

"இப்ப மழை இல்ல. தண்ணி எங்க எடுத்தது?"

இராசமாணிக்கம் தலைப்பாகையைச் சரிசெய்தார். எங்கே எடுத்தது? அவருக்கு எப்படித் தெரியும்?

கதவுக்குப் பின்னாலிருந்து பணிவான குரல் வந்தது. "மேல் காட்டு ஓடையிலருந்துங்க துரை. அந்தத் தண்ணியிலயும் பருப்பு நல்லா வேகும். ஒரு மைல் ஏத்தம். காலையில ரெண்டு குடம், அந்திக்கு ரெண்டு குடம். அம்புட்டும் ஐயாதான் தூக்குறாரு. வேற ஆள் தொட்டா மீனுக்கு ஆகாதுன்னு என்னையக்கூட கிட்ட விடமாட்டாரு."

"ஈஸ் தட் சோ, டீமேக்கர்?"

இல்லை என்று சொன்னால், இதுவரை சொன்னதெல்லாம் பொய். "ஆமா துரை" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"வெரி குட்! இப்ப சொல்லுறது. என்னா வேணும்?"

நாலு மாதம் காத்திருந்த நேரம். பச்சை நிறம், பெரிய மணி. "சை..." என்று ஆரம்பித்தார்.

"கேக்க வெட்கப்படுறாருங்க துரை" என்றது கதவு. "பீலியிலருந்து இந்தக் குசினிக்கு ஒரு பைப்பு போட்டுக் குடுத்தாப் போதும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. வீட்டுத் தண்ணிக்கு நான் படியேறி எறங்குறதப் பாத்துட்டு, மனசு கேக்காம எனக்கும் சேத்து அவரே தூக்க வந்துருறாரு. அந்த நேரம் மிஞ்சுனா மீன இன்னும் நல்லாப் பாக்கலாமே."

துரை அசந்துபோனார். தன் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. "பெண்சாதிக்கு பைப்பு! டீமேக்கர், நீ ஜென்டில்மேன். இந்த வாரமே போடுறது."

"துரை, சைக்கிள்..."

"சைக்கிள்ல கொடம் தூக்க முடியாது, டீமேக்கர்."

"அப்ப பைப்ப அந்த மேல் ஓடையிலருந்தே போட்டா..."

"ஒரு மைல் பைப்பா? நோ, நோ. இரும்பு பைப்பு இந்த மீனுக்கு நல்லது இல்ல. கைத்தண்ணி நல்லது. இந்தக் கை நல்ல கை." துரை அந்தக் கையை இன்னொரு தரம் குலுக்கினார். "கை மாத்துறது இல்ல. மீன் இங்கேயே இருக்குறது. சீமையிலருந்து இன்னும் மூணு ஜோடி வருது. எல்லாம் ஒனக்குத்தான்!"

துரை போனதும் இராசமாணிக்கம் திரும்பினார். அழகாயி அரிசிப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த இரண்டு குடத்தையும் எடுத்து, துடைத்து, அவர் காலடியில் வைத்தாள்.

"என்னடி இது?"

"அந்தித் தண்ணி. ஆறு மணிக்குள்ள போய்ட்டு வந்துருங்க. அங்கிட்டு அட்டை கூடுதல்."

அந்த வெள்ளிக்கிழமையே குசினியில் குழாய் வந்தது. அழகாயி அதைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள், மூடினாள். சவரியம்மா வந்து ஒரு தரம் திறந்து பார்த்துவிட்டுப் போனாள். இராசமாணிக்கம் காலையும் மாலையும் காவுதடியில் இரண்டு குடத்தைக் கட்டித் தொங்கவிட்டு மேல் ஓடைக்கு ஏறினார். துரை சில நாள் குதிரையை நிறுத்தி, தொப்பியைத் தூக்கி அவருக்கு மரியாதை செய்தார். அதனால் வேறு ஆளையும் அனுப்ப முடியவில்லை. இறங்கி வரும்போது வளைவில் ஒஸ்வல்ட் எதிர்ப்பட்டார். மணி அடித்தார். இராசமாணிக்கம் ஒதுங்கி வழிவிட்டார். குடத்தோடு நிற்கிறவன்தானே ஒதுங்கவேண்டும்.

ஒரு நாள் மூச்சிரைக்க வந்து குடத்தை இறக்கினார். ஒரு குடம் தொட்டிக்குப் போனது. இன்னொரு குடத்தை அழகாயி தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அது மீனுக்குடி!"

"இது பருப்புக்கு. குழாயில வர்றது பீலித் தண்ணிதானே, வேகமாட்டேங்குது. நாளையிலருந்து ஒரு நடை கூடப் போட்டுருங்க."

தரையில் அப்படியே உட்கார்ந்தார். சட்டைக்குள் ஒரு அட்டை நெளிந்தது. நாள் பூராவும் காதில் ஒஸ்வல்டின் மணி. எங்கே தப்பு நடந்தது என்று அவருக்கு இப்போது புரியாமல் இல்லை. 'இத நான் செய்யல துரை, என் பொஞ்சாதி செஞ்சா.' ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லச் சொன்னாள்.

அவர் சொல்லவில்லை.